துண்டுக்கு அடியில் பேசும் கணினிகள்

ஒரு சின்ன ஆடிட்டர் அலுவலகத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மாடிப்படிக்குக் கீழே ஒரு அறை. இரண்டு கணினி, ஒரு பிரிண்டர், கடகடவென்று சத்தம் போடும் ஒரு டேபிள் ஃபேன். ஒரு கணினியில் விண்டோஸ் 11. இன்னொன்று பழைய பெட்டி. அதில் இருந்த விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. விண்டோஸ் 11 போடலாம் என்றால் டி.பி.எம். 2.0 வேண்டும், பிராசஸரும் புதுசாக இருக்க வேண்டும் என்கிறது. தூக்கிப் போட மனசு வரவில்லை. தெரிந்த பையன் ஒருவன் லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். பெட்டி புதுசு மாதிரி ஓடுகிறது. எல்லோருக்கும் சந்தோஷம்... பிரிண்ட் எடுக்க வேண்டிய நேரம் வரும் வரை.

பிரிண்டர் விண்டோஸ் கணினியில் மாட்டியிருக்கிறது. லினக்ஸ் கணினியில் பேலன்ஸ் ஷீட் தயார். வங்கிக் கடனுக்கு அதைக் கொடுக்க வேண்டிய மளிகைக்கடைக்காரர் எதிரே உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்க்கிறார். வங்கியில் நாலு மணிக்கு மேல் மேனேஜரைப் பிடிக்க முடியாது. பிரிண்டர் இருப்பது ஆறடி தள்ளி. அந்த ஆறடியைத் தாண்ட முடியாமல் ஒரு பக்கம் வரிசையில் நிற்கிறது. திரையில் "அங்கீகாரம் தேவை" என்று வருகிறது. எந்தக் கடவுச்சொல்லைக் கொடுத்தாலும் மறுபடி அதே வரி. கடைசியில் அலுவலக உதவியாளர் பென் டிரைவை உருவி, ஆறடி நடந்து, மற்ற கணினியில் சொருகி பிரிண்ட் எடுத்துத் தருகிறார். அங்கே அந்த எழுத்துரு இல்லாததால் கட்டமெல்லாம் நகர்ந்து, இரண்டு பக்கம் வர வேண்டியது மூன்று பக்கமாக வருகிறது!

லினக்ஸும் விண்டோஸும் ஒரே அறையில் இருக்கும் பல இடங்களில் இந்தக் காட்சி நடந்திருக்கும். இதைச் சொன்னவுடன் இரண்டு கட்சிகள் கிளம்பிவிடும். லினக்ஸ் கட்சி "எல்லாம் விண்டோஸின் சதி" என்று சொல்லும். விண்டோஸ் கட்சி "ஓசியில் வாங்கினால் இப்படித்தான்" என்று சொல்லும். இரண்டுமே பாதி உண்மை. மீதிப் பாதியைப் பார்க்காததால்தான் இத்தனை வருடமாக அந்த உதவியாளர் நடந்துகொண்டிருக்கிறார்.

முதலில் ஒரு கேள்வி. எல்லாவற்றையும் லினக்ஸாக மாற்றிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடாதா? கணக்குப் படித்தவர்களிடம் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். டேலி நேரடியாக ஓடுவது விண்டோஸில்தான். ஜி.எஸ்.டி. தாக்கல் செய்ய அரசு தரும் ஆஃப்லைன் கருவியும் விண்டோஸையும் எக்செலையும் நம்பித்தான் இருக்கிறது. ஆகவே ஒரு விண்டோஸ் கணினியாவது இருந்தே ஆக வேண்டும். சரி, எல்லாவற்றையும் விண்டோஸாகவே வைத்தால்? நன்றாக ஓடும் பழைய கணினியைக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டுப் புதுசு வாங்க வேண்டும். மாத வாடகைக்கே கணக்குப் பார்க்கும் அலுவலகத்தில் அது நடக்காது. ஆக, இரண்டும் ஒரே கூரைக்குக் கீழே குடித்தனம் செய்தாக வேண்டும். இது யாருடைய கொள்கையும் அல்ல, செலவுக் கணக்கு சொல்லும் முடிவு.

அப்படியென்றால் இரண்டும் பேசிக்கொள்ள வேண்டும். எந்த மொழியில் பேசுவது என்பதில்தான் வம்பே ஆரம்பிக்கிறது.

மாட்டுச் சந்தைக்குப் போனவர்களுக்குத் தெரியும். தரகரும் வாங்குபவரும் கையின்மேல் துண்டைப் போட்டு மூடிக்கொள்வார்கள். உள்ளே விரல்களைப் பிடித்து விலை பேசுவார்கள். சுற்றி நிற்பவர்களுக்கு இரண்டு முகம் தெரியும், ஒரு துண்டு தெரியும், விலை மட்டும் தெரியாது. விண்டோஸ் கணினிகள் கோப்பையும் பிரிண்டரையும் பகிர்ந்துகொண்ட விதம் நெடுநாள் இப்படித்தான் இருந்தது.

அந்தத் துண்டுக்கு அடியில் நடந்த பேச்சுக்கு எஸ்.எம்.பி. என்று பெயர். 1980-களின் தொடக்கத்தில் ஐ.பி.எம். நிறுவனத்தில் பேரி ஃபைகன்பாம் என்பவர் உருவாக்கியது. பிறகு மைக்ரோசாஃப்ட் அதை எடுத்துக்கொண்டு தன் தேவைக்கு ஏற்ப வளர்த்தது. சில பகுதிகளை வெளியில் சொன்னது, பல பகுதிகளைச் சொல்லவில்லை. வேறு இயங்குதளம் வைத்திருப்பவர் விண்டோஸோடு சரளமாகப் பேச வேண்டுமானால் துண்டுக்குள் விரல் எப்படி அசைகிறது என்று வெளியிலிருந்து ஊகிக்க வேண்டியதுதான்.

ஊகித்தார் ஒருவர். ஆண்ட்ரூ ட்ரிஜெல். ஆஸ்திரேலியாவில் கான்பெரா நகரத்துப் பல்கலைக்கழக மாணவர். 1991 கடைசியில், தன் மேசையில் இருந்த டாஸ் கணினியிலிருந்து பெரிய யுனிக்ஸ் கணினியின் கோப்புகளை எட்ட வேண்டியிருந்தது. கம்பியில் போய்வரும் தகவல் பொட்டலங்களைப் பிடித்து, இது கேட்டால் அது பதில் வருகிறது என்று ஒவ்வொன்றாகக் குறித்துவைத்து ஒரு நிரல் எழுதினார். தான் பிடித்தது எஸ்.எம்.பி. என்பதே அப்போது அவருக்குத் தெரியாது. பின்னாளில் வீட்டில் மனைவியின் விண்டோஸ் கணினியைத் தன் லினக்ஸ் கணினியோடு இணைக்க நினைத்தபோது, தான் எழுதிய பழைய நிரலே அதற்கும் வேலை செய்வதைப் பார்த்து ஆச்சரியப்பட்டார். அதுதான் இன்று சாம்பா. முதலில் வைத்த பெயர் வேறொரு நிறுவனத்தின் வணிகப் பெயராக இருந்ததால், எஸ், எம், பி என்ற மூன்று எழுத்தும் வருகிற சொல்லை அகராதியில் தேடிப் பிடித்த பெயர் அது.

கவனியுங்கள், ஆரம்பமே இதே பிரச்சினைதான். ஒரு வீடு, இரண்டு கணினி, இரண்டு இயங்குதளம்.

ஆனால் ஊகித்துப் பேசுபவன் எப்போதும் ஒரு அடி பின்னால்தான் நடப்பான். விண்டோஸின் புதிய பதிப்பு வந்தால் விரல் அசைவு மாறும். மறுபடி முதலிலிருந்து கவனிக்க வேண்டும். இது போட்டியாளர்களுக்கும் புரிந்தது. 1998-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் ஐரோப்பிய ஆணையத்தில் புகார் கொடுத்தது. 2004 மார்ச்சில் ஆணையம் மைக்ரோசாஃப்டுக்கு சுமார் 49.7 கோடி யூரோ அபராதம் போட்டது. அதைவிட முக்கியம், மற்றவர்களின் சர்வர்கள் விண்டோஸோடு பேசத் தேவையான விவரங்களைக் கொடுக்கச் சொன்னது. மைக்ரோசாஃப்ட் மேல்முறையீடு செய்து 2007 செப்டம்பரில் தோற்றது. அந்த டிசம்பரில் சாம்பா குழுவுக்காக 10,000 யூரோ கட்டி அந்த ஆவணங்கள் வாங்கப்பட்டன. ஆணையைச் சரியாக நிறைவேற்றாததற்காக 2008-ல் இன்னொரு 89.9 கோடி யூரோ அபராதம். அது 2012-ல் 86 கோடியாகக் குறைக்கப்பட்டது.

வணிகவியல் பாடத்தில் ஏகபோகம் என்ற அத்தியாயத்தை மனப்பாடம் செய்கிறவர்கள் இந்த வழக்கை ஒரு தரம் படிக்க வேண்டும். விலையை ஏற்றிச் சம்பாதிப்பது மட்டும் ஏகபோகம் அல்ல. பக்கத்துக் கடைக்காரனுக்குப் புரியாத பாஷையில் பேசியே வாடிக்கையாளரைக் கட்டிப்போடலாம். மாற நினைப்பவன் மென்பொருளின் விலையை மட்டும் பார்ப்பதில்லை. மாறினால் தன் பிரிண்டர், தன் கோப்பு, தன் பக்கத்து மேசைக்காரன் எல்லாம் தன்னோடு பேசுவார்களா என்றுதான் பார்க்கிறான். பேச மாட்டார்கள் என்று தெரிந்தால், இலவசமாகக் கொடுத்தாலும் வாங்க மாட்டான்.

தமிழ்நாட்டிலேயே இதற்கு ஒரு உதாரணம் இருக்கிறது. 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் போட்டுக் கொடுத்தார்கள். அதில் உட்கார்ந்து அசைன்மென்ட் அடித்த மாணவன், அதைக் கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோனால் அங்கே இருப்பது விண்டோஸ். எழுத்துரு மாறும், பக்கம் மாறும். யுனிகோடு இல்லாத பழைய தமிழ் எழுத்துருவில் அடித்திருந்தால் தமிழே ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். அடுத்த தடவை அவன் எதைத் திறப்பான்? லினக்ஸில் ஒரு குறையும் இல்லாமல் இருந்திருக்கலாம். ஊரில் அதனோடு பேச ஆள் இல்லை என்பதே போதுமான குறை.

சரி, 2008-லேயே மைக்ரோசாஃப்ட் தன் நெறிமுறை விவரங்களை இணையத்தில் வெளியிட்டுவிட்டது. 2011-ல் சாம்பாவுக்கு நிரல் எழுதியும் கொடுத்தது. விண்டோஸ் டொமைன் சர்வரின் இடத்திலேயே உட்காரக்கூடிய சாம்பா 4 பதிப்பு 2012 டிசம்பரில் வந்தது. துண்டு விலகிவிட்டது. பிறகும் ஏன் அந்த ஆடிட்டர் அலுவலகத்தில் பென் டிரைவ் நடக்கிறது?

இங்கேதான் லினக்ஸ் கட்சி கொஞ்சம் நிதானிக்க வேண்டும். இப்போது வரும் தொல்லைகள் பலவற்றுக்குக் காரணம் சதி அல்ல, பாதுகாப்பு. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற கிருமி உலகம் முழுக்க ஆஸ்பத்திரிகளையும் அலுவலகங்களையும் முடக்கியது. அது புகுந்த ஓட்டை எஸ்.எம்.பி.யின் முதல் பதிப்பில் இருந்தது. அந்த ஆண்டு அக்டோபர் முதல், புதிதாக நிறுவும் விண்டோஸ் 10-ல் அந்தப் பழைய பதிப்பு தானாக வருவதில்லை. 2019-ல் சாம்பாவும் அதை அணைத்துவிட்டது. நல்ல முடிவுதான். ஆனால் அந்தப் பழைய பதிப்பு மட்டுமே தெரிந்த ஸ்கேனர்களும் ஜெராக்ஸ் மெஷின்களும் ஒரே நாளில் ஊமையாகிவிட்டன. 2024-ல் வந்த விண்டோஸ் 11 24எச்2 புரோ பதிப்பில் கடவுச்சொல் இல்லாமல் விருந்தாளியாக நுழையும் வழியும் அடைபட்டது. அதுவும் நியாயமே. ஆனால் சின்ன அலுவலகங்களில் பகிர்வு என்றாலே "கடவுச்சொல் வேண்டாம், எல்லோரும் நுழையலாம்" என்றுதான் போட்டு வைத்திருந்தார்கள்.

பூட்டு போட்டதில் தப்பில்லை. பூட்டியிருக்கிறது என்று சொல்லாததுதான் தப்பு. விண்டோஸ் "பாதை கிடைக்கவில்லை" என்கிறது. லினக்ஸ் "இடத்தை இணைக்க முடியவில்லை" என்கிறது. வீடே இல்லையா, வீடு பூட்டியிருக்கிறதா, சாவி தப்பா, இல்லை பேசும் பாஷை பழசா? ஒன்றும் தெரியாது. இதில் இரண்டு கட்சியும் ஒன்றுக்கொன்று சளைத்ததில்லை.

கடவுச்சொல் கதை இன்னும் வேடிக்கை. லினக்ஸ் கணினியில் தினமும் நுழையும் கடவுச்சொல் வேறு, சாம்பாவுக்குத் தனியாக வைக்க வேண்டிய கடவுச்சொல் வேறு. இது முதல் தடவை செய்பவனுக்குத் தெரியாது. தெரியாது என்பதை யாரும் அவனுக்குச் சொல்லவும் மாட்டார்கள். விண்டோஸ் பக்கம் போனால், தினமும் நாலு இலக்க பின் எண்ணை அடித்து நுழைபவருக்குத் தன் நிஜக் கடவுச்சொல் என்னவென்றே மறந்திருக்கும். நெட்வொர்க் வழியாக வரும் லினக்ஸ் கணினியோ அந்த நிஜக் கடவுச்சொல்லைத்தான் கேட்கும். பின் எண்ணைப் பத்துத் தடவை அடித்தாலும் கதவு திறக்காது. அந்த மளிகைக்கடைக்காரர் காத்திருந்த அரை மணி நேரம் போனது இப்படித்தான்.

பிரிண்டருக்கு வருவோம். கோப்பாவது பரவாயில்லை, பிரிண்டரின் பழி நீளமானது. லினக்ஸ் பிறப்பதற்கு முன்பே அது ஆரம்பித்துவிட்டது. 1980 வாக்கில் எம்.ஐ.டி.யின் செயற்கை நுண்ணறிவுக் கூடத்துக்கு ஒரு ஜெராக்ஸ் லேசர் பிரிண்டர் வந்தது. காகிதம் சிக்கினால் எல்லோருக்கும் தகவல் போகும்படி அதைத் திருத்த நினைத்தார் அங்கே இருந்த ரிச்சர்ட் ஸ்டால்மன். மூல நிரல் கிடைக்கவில்லை. அதை வைத்திருந்த ஒருவரிடம் நேரில் போய்க் கேட்டபோது, வெளியே கொடுக்க மாட்டேன் என்று ஒப்பந்தம் போட்டிருப்பதாகச் சொல்லிவிட்டார். அந்தக் கோபத்தை ஸ்டால்மன் மறக்கவே இல்லை. 1983-ல் அவர் அறிவித்த க்னூ திட்டத்துக்கு அதுவும் ஒரு விதை. ஆக, கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் கதையிலேயே ஒரு பிரிண்டர் மக்கர் செய்துகொண்டு நிற்கிறது!

விலை குறைந்த பல பிரிண்டர்கள் லினக்ஸில் திணறுவதற்குக் காரணம் சுலபமானது. போஸ்ட்ஸ்கிரிப்ட் மாதிரி ஊரறிந்த மொழி தெரிந்த பிரிண்டருக்குப் பக்கத்தை விவரித்துச் சொன்னால் அதுவே வரைந்துகொள்ளும். அதற்கு உள்ளே மூளை வேண்டும், மூளைக்குக் காசு வேண்டும். மலிவான பிரிண்டரில் அந்த மூளையைக் குறைத்துவிடுவார்கள். வரையும் வேலையெல்லாம் கணினியில் இருக்கும் டிரைவர் தலையில். அந்த டிரைவரை விண்டோஸுக்கு மட்டும் எழுதி, உள்ளே பேசும் மொழியை யாருக்கும் சொல்லாமல் விட்டுவிட்டால், லினக்ஸ்காரர் மறுபடி துண்டுக்கு வெளியே நிற்க வேண்டியதுதான். மலிவாக வாங்கியதில் மிச்சம் பிடித்த இரண்டாயிரம் ரூபாய் இங்கே கரைந்துபோகிறது.

இது லினக்ஸ்காரர்களின் தலையெழுத்து மட்டும் என்று விண்டோஸ் கட்சி சிரிக்க வேண்டாம். 2021-ல் விண்டோஸின் பிரிண்டிங் பகுதியில் பிரிண்ட்நைட்மேர் என்ற பெரிய ஓட்டை வெளியே வந்தது. அதையொட்டி வந்த பாதுகாப்புத் திருத்தங்களால் அந்த செப்டம்பரில் பல அலுவலகங்களில் விண்டோஸ் கணினியே பக்கத்து விண்டோஸ் கணினியின் பிரிண்டரோடு பேச மறுத்தது. ஒரே சாதி, ஒரே பாஷை, அப்போதும் சண்டை.

கடைசியில் பிரிண்டர் உலகத்தைக் கொஞ்சமாவது திருத்தியது யார் தெரியுமா? லினக்ஸும் இல்லை, விண்டோஸும் இல்லை. செல்போன்! செல்போனில் யாரும் சி.டி. போட்டு டிரைவர் ஏற்ற மாட்டார்கள். 2010-ல் ஆப்பிள் ஏர்பிரிண்ட் கொண்டுவந்தது. அதன் அடிப்படை ஐ.பி.பி. என்ற பொது நெறிமுறை, யார் வேண்டுமானாலும் படிக்கலாம். போனிலிருந்து பிரிண்ட் வர வேண்டும் என்று வாங்குபவர்கள் கேட்டதால், பிரிண்டர் நிறுவனங்களும் அந்தப் பொது மொழியைச் சொல்லிக்கொடுத்து அனுப்பத் தொடங்கின. லினக்ஸில் பிரிண்டிங்கைப் பார்த்துக்கொள்ளும் கப்ஸ் பேசுவதும் அதே ஐ.பி.பி.தான். போனுக்காகப் போட்ட ரோட்டில் லினக்ஸும் போய்விட்டது. தனித்தனி டிரைவர்களை மெல்ல விலக்கிவிட்டு இதே வழிக்கு வரப்போவதாக மைக்ரோசாஃப்டும் 2023-ல் அறிவித்தது.

இதிலிருந்து தெரிவது ஒன்றுதான். எஸ்.எம்.பி.யில் வழக்கு போட்டுத் துண்டை விலக்க வேண்டியிருந்தது. பிரிண்டரில் வாங்குபவன் கேட்டதால் விலகியது. இரண்டிலும், பேசும் மொழி பொதுவானபோதுதான் பாதித் தலைவலி போயிற்று. எந்த இயங்குதளம் உசத்தி என்ற பட்டிமன்றத்தால் ஒரு பக்கம்கூடப் பிரிண்ட் ஆனதில்லை.

நம் ஊரில் யாரும் கேட்பதில்லை என்பதுதான் குறை. மின்னாளுமைக்குத் திறந்த தரங்களையே பயன்படுத்த வேண்டும் என்று மத்திய அரசு 2010-லேயே கொள்கை வெளியிட்டது. ஆனால் பத்துப் பிரிண்டர் வாங்கும் கல்லூரி, விலைப்புள்ளி கேட்கும்போது எத்தனை பக்கம் ஓடும், டோனர் என்ன விலை என்று கேட்கிறது. டிரைவர் இல்லாமல் பொது நெறிமுறையில் பேசுமா என்று ஒரு வரி சேர்ப்பதற்குச் செலவு பூஜ்யம். அந்த ஒரு வரியை நூறு கல்லூரி கேட்டால் விற்பவன் மறுக்க முடியுமா?

தனி ஆட்களும் கேட்கலாம். பிரிண்டரை ஏதோ ஒரு கணினியின் வாலில் கட்டாமல், வைஃபையோ நெட்வொர்க் கம்பியோ உள்ளதாக வாங்கி ரவுட்டரில் நேராக இணைத்தால் இரண்டு கணினிக்கும் அது பொதுச் சொத்து. பெட்டியில் ஏர்பிரிண்ட் அல்லது மோப்ரியா என்று போட்டிருக்கிறதா என்று பார்த்தால் போதும், லினக்ஸிலும் பெரும்பாலும் தகராறு வராது. கோப்புப் பகிர்வுக்கு ஒரு பயனர், ஒரு கடவுச்சொல் உருவாக்கி ஒரு தாளில் எழுதிப் பத்திரமாக வைக்கலாம். பிரிண்டுக்குப் போவதைப் பி.டி.எஃப். ஆக்கி அனுப்பினால் கட்டம் நகராது. பழைய ஸ்கேனருக்காக எஸ்.எம்.பி.யின் முதல் பதிப்பை மறுபடி திறந்துவிடும் யோசனையை மட்டும் யார் சொன்னாலும் கேட்க வேண்டாம்.

கணக்கில் வராத செலவு என்று ஒன்று உண்டு. அலுவலக உதவியாளர் பென் டிரைவோடு நடக்கும் நடை, "அங்கீகாரம் தேவை" என்ற வரியோடு போராடும் அரை மணி நேரம், மளிகைக்கடைக்காரர் அன்றைக்குத் தவறவிட்ட வங்கி மேனேஜர்... இவை எந்த லாப நட்டக் கணக்கிலும் ஏறுவதில்லை. தனியாக ஆள் வைத்துக் கணினியைப் பார்த்துக்கொள்ளும் பெரிய நிறுவனத்துக்கு இது வலிக்காது. இரண்டு கணினி, ஒரு பிரிண்டர் வைத்திருப்பவருக்குத்தான் வலிக்கும். அவர் எந்தக் கட்சியிலும் இல்லை. அவருக்கு வேண்டியது நாலு மணிக்குள் இரண்டு பக்கம்.

பிரிண்டர் வாங்கப் போகும்போது "என்ன விலை?" என்று கேட்கிறவர்கள், "இது யார் யாரோடு பேசும்?" என்றும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்கட்டும்.